வெள்ளை உறை

எங்கள் இணையக் குழுவில் இருப்பது ஆண்களை நேசிக்கும் ஆண்கள் மட்டும்தான். எல்லோரும் பெங்களூரில் குடும்பத்தோடு இருப்பவர்கள். அதனால் ஒருவரும் முகம் காட்டமாட்டோம், கையை மட்டும் படமெடுத்துப் போடுவோம். அவர்களில் ஒருவன் ஞாயிறுதோறும் தன் நகங்களில் மயில், மாங்காய் என்று வரைந்து போடுவான். "எப்படிக்கீது மச்சி?" என்று கேட்பான், ராஜா மாதிரி.

போன வாரம் லாரி மோதிச் செத்துப்போனான். அவன் தெருக்காரன் ஒருவன் குழுவில் சொல்லித்தான் லிங்கராஜபுரத்தில் அவன் வீட்டுக்கு ஓடினேன். சவப்பெட்டிக்குள் இருந்த முகம் எனக்கு யாரோ. எனக்குத் தெரிந்த கைகளுக்கு வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். கிறிஸ்தவ வழக்கமாம், மண்ணாங்கட்டி. கட்டைவிரலில் மட்டும் துணியை மீறி மயிலின் நீலம் தெரிந்தது.

"முகத்தப் பாத்துக்கங்க, மூடப் போறோம்" என்றார் அவன் அண்ணன்.

நான் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.