மேலே நின்றவர்

காதுக்காரர் என்றால்தான் ஆளைத் தெரியும். லிஃப்ட் ஓடும் சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பதினெட்டு வருடமாக அவருக்கு ஜோடி, அவர் மனைவியின் தம்பி. காதுக்காரர் மொட்டைமாடி மோட்டார் அறையில் சுவிட்சருகே நிற்பார். மைத்துனன் லிஃப்ட் பெட்டியின் மேல் ஏறி வேலை பார்ப்பான். மேலே நிற்பவர் கையில்தான் கீழே இருப்பவன் உயிர்.

மைத்துனன் முதலில் கவனித்தது புதினா மிட்டாயை. அது வாயில் இல்லாமல் மாமா யாரிடமும் பேசுவதில்லை. பிறகு கை. காலையில் ஒரு ஸ்க்ரூவைத் திருக முடியாமல் நடுங்கும். "பைக்ல ஒரு சாமானை விட்டுட்டேன்" என்று கீழே போய் வந்தால் கல்லு மாதிரி நிற்கும். குடித்தால்தான் கை ஆடும் என்று நினைத்திருந்தவனுக்கு, குடிக்காததால் ஆடுகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

"காலையிலயேவா மாமா?"

"உடம்பு வலிடா. வேலையில என்னைக்காவது குறை வச்சிருக்கேனா?"

வைக்கவில்லைதான். அதனால் இவனும் வாயை மூடிக்கொண்டான். சூப்பர்வைசர் வந்தால் முந்திக்கொண்டு போய்ப் பேசினான். கோணல்மாணலாக எழுதிய சர்வீஸ் அட்டைகளைத் திருத்தி எழுதினான். அக்காவிடம் மூச்சு விடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழு மாடிக் கட்டடம். "போடவா?" என்று மேலிருந்து கேட்டு, இவன் "போடுங்க" என்ற பிறகுதான் சுவிட்சைப் போடுவது வழக்கம். அன்று கேள்வியே வரவில்லை. பெட்டி கிளம்பிவிட்டது. இரும்புக் கயிறு இவன் இடது கையைக் கப்பிக்குள் இழுத்துக்கொண்டது.

மூன்று விரல்கள் போயின.

"நீ போடுங்கன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு மச்சான்" என்றார் காதுக்காரர், ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலைப் பார்த்தபடி.

அவர் வெளியே போனதும் மைத்துனன் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"தெரியும்டா" என்றாள் அக்கா. "ரெண்டு வருஷமாத் தெரியும். பல்லு விளக்கறதுக்கு முன்னாடியே வேணும் அவருக்கு. பீரோவுக்குப் பின்னாடி, ஷூவுக்குள்ள, எங்க கை வச்சாலும் பாட்டில். நீ கூட இருக்கியே, பாத்துக்குவன்னு இருந்துட்டேன்."

"உனக்குத் தெரியக் கூடாதுன்னு நான் இருந்தேன்க்கா."

கம்பெனியிலிருந்து விசாரணைக்கு வந்தவரிடம் மைத்துனன் உள்ளதைச் சொன்னான். காதுக்காரருக்கு வேலை போயிற்று. "அக்காவும் தம்பியும் சேந்து கழுத்தறுத்துட்டீங்க. நானா குடிகாரன்? பாருங்க" என்று அன்றே அடியோடு நிறுத்தினார். இரண்டாம் நாள் சமையலறையில் வலிப்பு வந்து விழுந்தார்.

"இவ்வளவு குடிச்ச உடம்பு, திடீர்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இங்க வச்சு மருந்து குடுத்துத்தான் நிறுத்தணும்" என்றார் டாக்டர். "முன்னாடியே ஏன் கூட்டிட்டு வரல?"

அக்கா சேர்க்கைத் தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

சிகிச்சை முடிந்து வந்தவர் ஐந்து மாதம் தாக்குப்பிடித்தார். இப்போது மறுபடியும் சேர்த்திருக்கிறார்கள். அக்கா பார்க்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மைத்துனன் மட்டும் போகிறான். போன வாரம் நேராகவே கேட்டுவிட்டான்.

"எப்பலேருந்து மாமா, வேலைக்கு நடுவுல?"

காதுக்காரருக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"உன் பொண்ணு பொறந்த வருஷம்."

மகளுக்குப் பதினோரு வயது. மைத்துனன் எழுந்து, நல்ல கையால் அவர் போர்வையைச் சரிசெய்துவிட்டு, பஸ் பிடிக்கப் போனான்.