முதுமலையில் என் மச்சான் சொன்ன ரகசியம்

இன்று முதுமலைக் காட்டுக்குள் வனத்துறை வண்டியில் போனோம். எல்லோரும் ஆரணியில் பட்டு நெய்கிறவர்கள்.

என் மச்சான் சேகர் இத்தனை வருஷமாகப் புடவை பார்டரில் யானை நெய்கிறவன். நிஜமான காட்டு யானையை ஒரு தடவையாவது பார்க்கவேண்டும் என்றுதான் வந்தான்.

"சத்தம் கேட்டா மிருகங்க போயிடும். யாரும் வாயே தெறக்காதீங்க," என்றார் கூட வந்த வனத்துறை கார்டு. பாட்டுக் கேட்கக் கொண்டுபோன டிரான்சிஸ்டரைக்கூட அணைத்துவிட்டோம்.

புள்ளிமான்கள் எங்களைப் பார்த்தும் அசையாமல் மேய்ந்தன. மூங்கிலுக்குப் பின்னால் கறுப்பாக ஏதோ ஆடியது.

மச்சான் என் காதில் வாயை வைத்து ரகசியமாகச் சொன்னான்: "மாமா! அங்க பாருங்க, ஆனை நின்னுகினு கீது!"

தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய வாய். எங்கள் ரகசியம் நாலு வீடு தாண்டிக் கேட்கும்.

மான்கள் சிதறின. மரத்துக் குரங்குகளில் பாதி ஓடின. மூங்கில் மடமடவென்று முறிந்தது. யானையின் வால் மட்டும் ஒரு கணம் தெரிந்தது.

கார்டு தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் சார் கத்துனீங்க?"

"நான் எங்க கத்துனேன்? மெதுவாத்தானே சொன்னேன்!"

மரத்தில் மிச்சமிருந்த குரங்குகளும் போய்விட்டன.

பாவம், மச்சான் முகம் வாடிக் கிடக்கிறது. காது கேட்காத யானை எந்தக் காட்டில் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இவனை அழைத்துப் போகிறேன்.