காலர்காரர் வீட்டுப் பேச்சு

எனக்கு வாய் அதிகம். குழந்தைகள் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக எடை பார்க்கிறேன், உயரம் அளக்கிறேன், அம்மாக்களைத் திட்டுகிறேன். வீட்டில் திட்ட ஆளில்லாததால் எல்லாவற்றையும் இங்கே கொட்டுகிறேன் என்று டாக்டரம்மா கிண்டல் செய்வார்.

காலர்காரர் என்று நாங்கள் பெயர் வைத்திருந்த மனிதர் ஒன்றரை வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். சட்டைக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே காலர் தைத்துக் கொடுப்பவர். உடம்பெல்லாம் நூல் ஒட்டியிருக்கும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் பையைத் தூக்கிக்கொண்டு போன அவர் மனைவி திரும்பவில்லை. தெருவுக்கே தெரியும். அவர் மட்டும் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறந்ததில்லை.

எடை சரி, உயரம் சரி, பல் பன்னிரண்டு. எத்தனை வார்த்தை பேசுகிறான் என்று கேட்டேன். "ம்" என்றார். அது பதிலா யோசனையா என்று புரியவில்லை. வீட்டில் அவனோடு பேசுகிறீர்களா என்றேன். அதற்கும் "ம்". பையனிடம் பொம்மை வேண்டுமா என்றேன். அவனும் "ம்" என்றான். வேண்டாமா என்றதற்கும் அதேதான். அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தான். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

முதுகுப்பக்கம் கிலுகிலுப்பையை ஆட்டினேன், சட்டென்று திரும்பினான். காதில் கோளாறில்லை. நாள் முழுக்க அவன் கேட்பது தையல் மெஷின் சத்தம்தான். மூன்று மாதத்துக்குள் வார்த்தை வராவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பதாக டாக்டரம்மா சொன்னதும் மனிதருக்கு முகம் செத்துவிட்டது. அறையை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் தயங்கி நின்றார்.

"என்ன பேசறதுன்னு தெரியல, சிஸ்டர்."

"மனசுல என்ன ஓடுதோ அதைப் பேசுங்க. ஊசில நூல் கோக்கும்போதும் பேசுங்க. நீங்க வாயைப் பூட்டிக்கிட்டா அவன் எங்க போய்க் கத்துக்குவான்?"

கொஞ்சம் அதிகமாகவே கடிந்துகொண்டேன். அன்று சாயங்காலம் என் வீட்டுக் கதவைத் திறக்கும்போது அந்தப் பேச்சு எனக்கே குத்தியது. நாள் பூராவும் ஊரார் பிள்ளைகளோடு பேசுகிறவள் அந்த வாசலைத் தாண்டினால் மறுநாள் காலைவரை ஊமைதான்.

மூன்று மாதம் கழித்து இருவரும் வந்தார்கள். அவர் இளைத்திருந்தார். என்னதான் பேசினீர்கள் என்று கேட்டேன். அவருக்குக் கதையெல்லாம் தெரியாதாம். தைத்துக்கொண்டே பையனுக்கு அவன் அம்மாவைப் பற்றிச் சொன்னாராம். அவள் சத்தம் போட்டுச் சிரிப்பது, டீயை ஆறவிட்டுக் குடிப்பது, மழை வந்தால் கொடியில் துணி கிடப்பதை மறந்துவிடுவது. ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லையாம்.

பையன் மேசைமேல் உட்கார்ந்து என் பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். அப்போது ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். பேனாவை விட்டுவிட்டு அவளையே பார்த்தவன், அப்பா பக்கம் திரும்பினான்.

"அம்மா எங்க?"

இரண்டு வார்த்தை, சேர்த்து, தெளிவாக. இரண்டு வயது முடியும்போது வரவேண்டிய பேச்சு. கைதட்ட நினைத்தேன்; கை எழவில்லை. காலர்காரர் என்னைப் பார்த்தார். பேசச் சொன்னவள் நான்தானே. அவர் பையனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தெரியலடா கண்ணா," என்றார். "அப்பாவுக்கும் தெரியல."