ஒரு கேள்வி பிந்தி வரும் பதில்

ஜப்பான்காரன் காலத்தில் எனக்குக் கிடைத்த தண்டனைகளிலேயே பெரியது ஜப்பான்காரன் கொடுத்தது அல்ல. எங்கள் சாமியார் கொடுத்தது.

மலாயாவில், பாலிங் போகும் சாலையில் எங்கள் தோட்டம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் சைக்கிளில் பூசை வைக்க வருவார். டயர் கிடைக்காத காலம். ரப்பர் தோட்டத்துக்கு வருகிறவர், சக்கரத்தில் கயிற்றைச் சுற்றிக்கொண்டு வருவார். புதுச்சேரியில் தமிழ் படித்தவர். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ஒருத்தருக்கும் வராத ழகரம் அந்த வெள்ளைக்காரருக்கு வரும். நாங்கள் வாளப்பளம் தின்போம். அவர் வாழைப்பழம் தின்பார். அதை நான் பேசிக்காட்டி லயத்தையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு பயம் வந்து, பாவசங்கீர்த்தனத்தில் முழங்கால் போட்டு அவரிடமே சொல்லிவிட்டேன்.

"சாமி, ஒங்கள மாதிரி பேசிக் காட்டுனேன்."

"யாருக்கு?"

"லயத்துக்கே, சாமி."

"சிரித்தார்களா?"

"நல்லாவே சிரிச்சாங்க."

குற்றத்தைச் சொன்னால் மன்னித்து ஒரு அபராதம் போடுவது வழக்கம். எனக்கு எப்போதும் மாதா செபம் மூன்று. மிஞ்சிப் போனால் ஐந்து.

"உனக்கு நாக்கு நன்றாக வேலை செய்கிறது. கடைசி லயத்துப் பெண் பிள்ளைக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடு. அடுத்த முறை நான் வரும்போது அவள் புதுநன்மைக்குத் தயாராக இருக்க வேண்டும்."

"சாமி, அதுக்குப் பதிலா செபமால அம்பத்து மூணு மணியும் முழங்கால்லயே சொல்லிடுறேன், சாமி."

"முடியாது."

பேரம் படியவில்லை. வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்ததில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான். நாலாம் வகுப்பில் பாதி. எங்கள் லயத்தில் அது வக்கீல் படிப்பு.

புதுநன்மை என்றால் பிள்ளை முதல் தடவை பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவது. அன்று முதல் அது கோயிலில் பெரிய ஆள். ஆனால் அதற்கு முன்னால் சாமியார் கேள்வி கேட்பார். பிள்ளைக்குப் புத்தி விவரம் வந்திருக்கிறதா, வெறும் ரொட்டிக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று பார்ப்பார். இந்தப் பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது. இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் தள்ளிவிட்டார். லயத்தில் அதற்குப் பட்டப்பெயர் மந்தம். அந்தப் பெயரை வைத்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவில்லை.

முதல் நாள் போனபோது அதன் அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, ஒன் லூட்டி எல்லாம் வெளிய வச்சுக்க. எம்புள்ளகிட்ட வேணாம்."

"நான் என்னக்கா பண்ணேன்? சாமிதான் அனுப்புனாரு."

"சாமிக்கும் சயாம் காய்ச்சல் வந்துருச்சு போல."

பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். வெள்ளைச் சட்டை. நாங்கள் எல்லோரும் சாக்கைக் கிழித்துக் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில் அந்த வெள்ளை கண்ணைக் கூசச் செய்தது. பிள்ளையின் அப்பா யுத்தத்துக்கு முன்னால் வாங்கியது. வளரும் பிள்ளை என்று பெரிதாகவே எடுத்திருந்தார். அவரும் உபதேசியாரோடு அதே லாரியில் போனவர்.

"ஏறும்போது ஒண்ணுதான் சொன்னாரு. நான் வர்றதுக்குள்ள புள்ள புதுநன்ம வாங்கிடணும்னு. இப்பவே தோள்ல பிடிக்குது. இந்தத் தடவ விட்டா இந்தச் சட்ட ஏறாது தம்பி. வேற துணிக்கு எங்க போவேன்?"

அதற்கு என்ன கிண்டல் அடிப்பது? கேள்வி பதிலாக இருக்கும் ஞானோபதேசப் புத்தகத்தைத் திறந்தேன்.

"உன்னைப் படைத்தவர் யார்?"

பிள்ளை என் மூக்கைப் பார்த்தது. சரி, அடுத்தது.

"எதற்காகப் படைத்தார்?"

"சர்வேசுரன்."

"இல்ல பாப்பா, அது முந்தின கேள்வி. போவட்டும். சர்வேசுரன் எங்கே இருக்கிறார்?"

"அவரை அறிஞ்சு சிநேகிக்கிறதுக்கு."

"பாவம் எங்கே இருந்து வந்தது?"

"எங்கேயும் இருக்கிறார்."

பாவத்தைப் பற்றி அதுவும் உண்மைதானே என்று விட்டுவிட்டேன். ஒரு வாரம் இப்படியே போனது. நான் கத்துவேன், பிள்ளை மூக்கைப் பார்க்கும். அம்மா உள்ளேயிருந்து, "மூக்குல எழுதியா வச்சிருக்க?" என்பார்.

விஷயம் எனக்குப் பிடிபட்டது கோயிலில் இல்லை, பெரட்டில். பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கு எடுக்க வரிசையாக நிற்பது. ஜப்பான்காரன் வந்ததிலிருந்து அவனவன் நம்பரை ஜப்பான் பாஷையில் கத்த வேண்டும். இச்சி, நி, சான், சி, கோ. இரண்டாவது ஆள் "நீ!" என்று கத்தினால் பக்கத்து ஆள் "நானா?" என்பான். நாலாவது ஆள் "சீ!" என்று கத்தும்போது அஞ்சாவது ஆளுக்குக் கோபம் வரும். இந்தச் சூசாவில், இந்தத் தொல்லைக்கு நடுவில், அந்தப் பிள்ளை ஆறாவதாக நிற்கும். வாயே திறக்காது. ஏழாவது ஆள் கத்தி முடித்த பிறகு "ரொக்கு" என்று மெல்லச் சொல்லும். ஆறு அதுதான். சரியான நம்பர், தப்பான நேரம். அதனால் முழு வரிசையும் வெயிலில் மறுபடி முதலிலிருந்து கத்த வேண்டும்.

ஒரு நாள் நான் அதன் பக்கத்தில் நின்றேன். முதல் ஆள் "இச்சி" என்று ஆரம்பித்தவுடனே பிள்ளையின் காதில், "ஒன்னோடது ரொக்கு" என்றேன். நி போனது, சான் போனது, சி, கோ.

"ரொக்கு!"

டாண் என்று வந்தது. கணக்கெடுத்த மண்டோர் திரும்பிப் பார்த்து, "யாரு அது?" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. இதற்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் கிளம்பி வாய்க்கு வர நேரம் எடுக்கிறது. நாம்தான் அதற்குள் அடுத்த கேள்விக்கு ஓடிவிடுகிறோம்.

அன்று சாயங்காலம் ஒரு கேள்வி கேட்டேன். கேட்டுவிட்டு மனதுக்குள் இச்சி, நி, சான், சி, கோ என்று எண்ணிக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருப்பது என் பிறவிக்கே ஒத்துவராத காரியம். ரொக்குக்கு வந்தபோது பதிலும் வந்தது. அடுத்த கேள்விக்கும் வந்தது. புத்தகம் முழுக்க அந்தப் பிள்ளைக்குத் தலைகீழ்ப் பாடம். நடுவில் நான் ஒரு பக்கத்தைத் தவறிப் புரட்ட, "அண்ணே, நாலு கேள்வி விட்டுட்டீங்க" என்றது. அதையும் ரொக்கு எண்ணிய பிறகுதான் சொன்னது.

அம்மா அடுப்படியை விட்டு வந்து நின்றார். "இது எம்புள்ளதானா?"

"புள்ள ஒங்களதுதான்க்கா. வாத்தியார்தான் வேற தரம்."

"சும்மா இருலா."

ஆனால் ஒரு சிக்கல். சாமியார் ரொக்கு வரைக்கும் காத்திருக்கிற ஆள் இல்லை. பொழுது சாய்வதற்குள் அடுத்த தோட்டத்துக்குப் போக வேண்டும். மிஷின் மாதிரி கேட்பார். விஷயத்தை அவரிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். எனக்கு எதையும் நேராகச் செய்து பழக்கமில்லை. சாமியாருக்கு மேல் வரிசைப் பல் கட்டுப்பல் என்பது எனக்குத் தெரியும், பேசிக்காட்டும்போது அதையும் செய்து காட்டுவேன். அம்மாவிடம் மரவள்ளிக்கிழங்கைத் துருவி, தேங்காய்ப்பால் விட்டு, பிசின் மாதிரி ஒட்டுகிற பலகாரம் செய்யச் சொன்னேன். சாமியார் பத்து கேள்வி கேட்பார். பத்துத் துண்டு. ஒவ்வொரு கேள்வி முடிந்ததும் ஒரு துண்டை நீட்டினால், மென்று பல்லை விடுவிப்பதற்குள் பதில் வந்துவிடும்.

சாமியார் பிள்ளை வீட்டுக்கு வந்தார். "தோஸ்திரம் சாமி" என்று சொல்லப் போன பிள்ளை, பழக்க தோஷத்தில் ஜப்பான்காரனுக்குக் குனிவது போல இடுப்பு வரைக்கும் குனிந்தது. நானும் குனிந்தேன். சாமியார் எங்கள் இரண்டு பேரின் முதுகையும் பார்த்து ஆசீர்வதித்தார்.

"உன்னைப் படைத்தவர் யார்?"

"சாமி, கெளங்கு சாப்பிடுங்க."

வாயில் போட்டார். ஒட்டியது. தாடை இப்படியும் அப்படியும் போனது. ரொக்கு.

"சர்வேசுரன்."

சாமியாரின் புருவம் ஏறியது. இரண்டாவது கேள்வி, இரண்டாவது துண்டு, சரியான பதில். ஆறு, ஏழு, எட்டு. கதவுக்குப் பின்னால் அம்மா சாக்கு முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒன்பதாவது கேள்விக்கும் பதில் வந்தது. பத்தாவதுக்குத் தட்டைப் பார்த்தேன். காலி.

காலையில் ருசி பார்க்கிறேன் என்று ஒன்று தின்றிருந்தேன். ஒன்றே ஒன்று.

"தேவநற்கருணையில் இருக்கிறவர் யார்?"

அதுதான் முக்கியமான கேள்வி. சாமியார் வாய் காலி. என் கை காலி. பிள்ளை அவர் மூக்கைப் பார்த்தது. சாமியார் பெருமூச்சு விட்டார். அவருக்கும் வருத்தம்தான் போல. பேச்சை மாற்றுகிற மாதிரி, எழுந்துகொண்டே கேட்டார்:

"இந்தக் கிழங்குப் பலகாரத்தைச் செய்தது யார்?"

"சேசுநாதர்."

சாமியார் அப்படியே நின்றார். கதவுக்குப் பின்னால் அம்மா, "ஐயோ மாதாவே" என்றார்.

"அப்படி உனக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?" குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அம்மா."

"நான் இல்ல சாமி!" என்று அம்மா வெளியே ஓடிவந்தார். "பலகாரம் செஞ்சதுதான் நானு!"

சாமியார் அம்மாவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கடைசியில் பிள்ளையைப் பார்த்தார். மெதுவாகக் கேட்டார்:

"மகளே, உனக்குப் புதுநன்மை வேண்டுமா?"

"அண்ணன்" என்றது பிள்ளை, என்னைக் காட்டி.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கூடவே அழுகையும். இரண்டையும் ஒரே முகத்தில் வைத்துக்கொண்டு, "சாமி, பதில் எல்லாம் சரி சாமி. ஒரு கேள்வி பிந்தி வருது. அவ்வளவுதான். இப்ப ஒண்ணும் கேக்காதீங்க. சும்மா நில்லுங்க சாமி" என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததை லயத்தில் யாரும் நம்பவில்லை.

சாமியார் நின்றார். கேள்வி கேட்கத் திறந்த வாயை மூடிக்கொண்டார். நான் எண்ண ஆரம்பித்தேன். இச்சி, நி, சான். அவர் உதடும் அசைந்தது. அவரும் எண்ணினார், என்ன பாஷையில் என்று தெரியவில்லை. கோ, ரொக்கு. பதில் இல்லை. அம்மா என் கையைப் பிடித்து நெரித்தார். சிச்சி. ஹச்சி. இது புத்தகத்தில் இல்லாத கேள்வி, மனப்பாடம் கிடையாது, அதனால் நேரமாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"வேணும், சாமி."

மறுநாள் காலைப் பூசையில் வெள்ளைச் சட்டை தோளில் பிடிக்கத்தான் செய்தது. கோதுமை மாவு இல்லாத காலம். நற்கருணையை நகத்தளவு பிட்டுத்தான் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு வந்த பிள்ளை என் பக்கத்தில் முழங்கால் போட்டது. பூசை முடிந்து எல்லோரும் எழுந்து போகும் வரைக்கும் அது எழுந்திருக்கவில்லை. நான் கூப்பிடவும் இல்லை.

எனக்கு மட்டும் புது அபராதம். தின்ற அந்த ஒரு துண்டுக்கு மாதா செபம் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவில் ரொக்கு வரை எண்ணச் சொன்னார்.