பொருத்தனையும் ஒரு துண்டு ரொட்டியும்

வலிக்கும் என்று தெரிந்தே ஒரு தாய் தன் பிள்ளைக்கு ரொட்டி கொடுக்கலாமா? நான் கொடுத்தேன். சரியா தவறா என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

என்னோடு ஜெபித்த சகோதரிகளே, நாங்கள் மலேசியாவில் கெமாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். மூத்தவள் கெசியாவுக்கு ஐந்து வயதிலேயே சர்க்கரை நோய். உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் வகை என்றார்கள். எனக்கிருக்கும் தைராய்டு நோயும் அதே வகைதான். என்னிடமிருந்து வந்ததோ என்று அழாத நாளில்லை.

சென்ற ஆண்டு அவளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. எடையும் ஏறவில்லை. இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கோதுமையால் குடல் கெடும் சீலியாக் நோயும் வரலாம் என்று படித்தேன். பயந்துபோய், அவள் சுகமாகும்வரை வீட்டில் கோதுமை இல்லை என்று ஆண்டவரிடம் பொருத்தனை செய்தேன். ஜெபக்கூட்டப் பெண்களும் கோதுமை மாவில் பொரிக்கும் கறிபாப்பை விட்டு மரவள்ளிக்கிழங்கு அவித்தார்கள். வலி குறைந்தது. எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னோம்.

சிரம்பான் மருத்துவமனையில் இதைச் சொன்னதும் டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கினார். கோதுமையை நிறுத்திவிட்டால் இரத்தப் பரிசோதனையில் நோய் தெரியாமல் போகலாமாம். சில வாரங்கள் தினமும் கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். வலி திரும்பலாம் என்றும் சொன்னார்.

"ஆண்டவருகிட்ட வாய விட்டுட்ட. இப்ப டாக்டர் சொன்னாருன்னு மாத்துவியா?" என்றார் கணவர்.

அன்று இரவு முழங்காலில் நின்றேன். சுகம் கேட்கவில்லை, வழி காட்டும் என்று மட்டும் மன்றாடினேன். கடைசியில் போதகரின் மனைவி லிடியா அக்காவிடம் போனில் அழுதேன். மறுநாள் அவர் ஒரு பாக்கெட் ரொட்டியோடு வாசலில் நின்றார்.

"நேர்ந்துக்கிட்டது நீதான, பிள்ள இல்லலா. நீ சாப்பிடாத. அவ சாப்பிடட்டும்."

என் ஜெபத்துக்குப் பதில் அதுதான்.

கெசியா ஒரு வாய் கடித்தாள். "வலிக்கத்தான் போவுதுன்னா ரொட்டி சானாய் வாங்கிக் குடுங்கம்மா. இது நல்லாவே இல்ல." கணவர் மோட்டார் சைக்கிள் சாவியை எடுத்துக்கொண்டு பரோட்டாக் கடைக்குப் புறப்பட்டார்.

அந்த வாரங்களை எழுத எனக்குத் தைரியமில்லை. அவள் அழுத ஒவ்வொரு முறையும் ஊட்டியது என் கை.

பரிசோதனையில் சீலியாக் என்று வந்தது. வாய் வழியே குழாய் விட்டுக் குடலைப் பார்த்தும் உறுதி செய்தார்கள். ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாது. நான் கேட்ட அற்புதம் இதுவல்ல. ஆனாலும் ஆண்டவர் எங்களை இருட்டில் விடவில்லை. இப்போது அவள் எடை ஏறுகிறது. சர்க்கரையும் முன்போல் திடீரென்று இறங்குவதில்லை. பயத்தில் நானாக எதையும் நிறுத்துவதில்லை. முதலில் ஜெபிக்கிறேன், பிறகு டாக்டரைக் கேட்கிறேன். நீங்களும் ஆண்டவரை நம்புங்கள், பரிசோதனைக்கும் போங்கள்.

உடன்பிறந்தவர்களுக்கும் இது இருக்கலாமாம், அவள் தம்பியையும் பரிசோதிக்கச் சொல்கிறார்கள். சின்னவனுக்கு மூன்று வயது. ஓடியாடி விளையாடுகிறான், ஒரு குறையுமில்லை. நன்றாக இருக்கிற பிள்ளையை ஏன் குத்த வேண்டும் என்கிறார் கணவர். நானும் இன்னும் தேதி வாங்கவில்லை. இந்த வழியில் போன தாய்மார் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கள்.