யாரும் தொடாத முழங்கால்

"அணி மேலாளர் (பெண்): உடற்கல்வியில் தகுதியும், விளையாட்டுக் காயங்களுக்கான முதலுதவியில் பயிற்சியும் பெற்றவர். வீராங்கனைகளின் உடல்நலத்துக்கு முழுப் பொறுப்பாளர்."

மாவட்டக் கபடிப் போட்டிக்குப் பள்ளி அனுப்பிய படிவத்தில் கலைவாணியைப் பற்றி இப்படித்தான் எழுதியிருந்தது. கலைவாணி பகுதிநேரத் தையல் ஆசிரியை. வயது நாற்பத்து மூன்று. வாழ்க்கையில் அவர் ஓடிப் பிடித்தது செஞ்சி பஸ் ஒன்றைத்தான். பெண்கள் அணியோடு ஒரு பெண் போயே ஆக வேண்டும் என்பது விதி. சனிக்கிழமையில் வேறு வேலையில்லாதவர் கலைவாணி மட்டும்தான் என்பது தலைமையாசிரியரின் கண்டுபிடிப்பு.

முதல் வருடம் தண்ணீர்க் கேனையும் சேஃப்டி பின்னையும் பார்த்துக்கொண்டதோடு சரி. கவலை பிறகுதான் வந்தது, அதுவும் தொழில் வழியாக. பி.டி. சார் ராஜாராம் ஞாயிறு காலையில் பையன்களையும் பெண்களையும் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரிப் படிகளில் ஏற்றி இறக்குவார். கீழே உட்கார்ந்து பார்த்த கலைவாணிக்கு ஏறும்போது எந்த வித்தியாசமும் தெரியவில்லை. இறங்கும்போது தெரிந்தது. பையன்களுக்கு முழங்கால் பாதத்துக்கு நேராக மடங்கியது. பெண்களில் பாதிப் பேருக்கு உள்பக்கம் சாய்ந்து, ஒரு முழங்கால் இன்னொன்றை நலம் விசாரித்தது. பையனுக்கு வெட்டிய துணியைப் பெண்ணுக்குத் தைத்தால் எந்த இடத்தில் இழுக்கும் என்று இருபது வருடமாகத் தெரிந்தவர் அவர். துணிக்குள் இருப்பது மட்டும் எப்படி ஒரே வெட்டாக இருக்கும்?

செல்போனில் தேடிப் படித்தார். முழங்காலுக்குள் இருக்கும் ஒரு தசைநார், ஆட்டக்காரிகளுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகமாக அறுந்துபோகிறதாம். யாரும் மோத வேண்டாம். குதித்து இறங்கினால் போதும், சட்டென்று திரும்பினால் போதும். ஏன் என்பதில்தான் ஆளுக்கொரு கட்சி. இடுப்பின் அகலம் என்றார் ஒருவர். தொடைத் தசை என்றார் இன்னொருவர். மாதச் சுழற்சி என்று ஒரு கூட்டம். அதெல்லாம் இல்லை, குதித்து இறங்க ஒழுங்காகச் சொல்லித் தராததுதான் என்று மற்றொரு கூட்டம். இவ்வளவையும் படித்ததில் கலைவாணிக்குத் தெளிவு வந்ததாகச் சொல்ல முடியாது. பிள்ளைகள் குதிக்கும்போதெல்லாம் முகத்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்க்கும் பழக்கம் வந்தது.

ராஜாராமிடம் சொல்லிப் பார்த்தார். அவர் கெட்டவரில்லை, காலர் எலும்பு இரண்டு முறை உடைந்தவர். ஆண்கள் ஆட்டத்தில் அடிக்கு ஒரு விலாசம் உண்டு. தோள் இறங்கும், பல் போகும், மோதியவன் எதிரிலேயே நிற்பான். தொட்டால் அவுட் என்ற ஆட்டத்தில் முப்பது வருடம் ஊறியவருக்கு, யாருமே தொடாமல் ஒருத்திக்கு அடிபடும் என்பது விதிப்புத்தகத்துக்கே விரோதமாகப் பட்டது. பொம்பளைப் பிள்ளைகள் சின்ன வலியைக்கூடத் தாங்க மாட்டார்கள் என்றார். அடுத்த மூச்சிலேயே, பிரசவம் தாங்கப் போகிறவர்களுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்றார். இரண்டையும் மனப்பூர்வமாக நம்பினார்.

இந்த வருடம் போட்டி செஞ்சியிலேயே நடந்தது. அரையிறுதியில் பதினொன்றாம் வகுப்பு பூங்குழலி ரெய்டு போனாள். இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டைத் தாண்டிக் குதித்தாள். துரத்தியவள் எட்டாத தூரத்தில் நின்றுவிட்டாள். தரையில் பட்ட இடது கால் உள்பக்கம் மடங்கியது. பூங்குழலி அப்படியே உட்கார்ந்தாள். கிடைத்த இரண்டு புள்ளிக்கு மைதானம் கைதட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா டீச்சர், பேயறைஞ்சா மாதிரி நிக்கிறீங்க? அவள ஒருத்தியும் தொடவேயில்லியே," என்றார் ராஜாராம். ஸ்ப்ரே அடித்துக் கட்டுப் போட்டார். அணி ஜெயித்தது. இறுதி ஆட்டம் மூன்று மணிக்கு. அதைப் பார்த்து விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். பூங்குழலியின் பெயரை ஏற்கெனவே விசாரித்தும் இருந்தார்கள்.

கலைவாணி அவளைக் காலி வகுப்பறைக்கு அழைத்துப் போய், கட்டைப் பிரித்து, பையிலிருந்த இன்ச் டேப்பால் இரண்டு முழங்கால்களையும் அளந்தார். மணி பன்னிரண்டரை. வலது பதினான்கு. இடது பதினான்கரை.

"உள்ள சத்தம் கேட்டுச்சா?"

பூங்குழலி வாசலைப் பார்த்துக்கொண்டாள். "டப்புன்னு ஒண்ணு. ஆனா இப்ப வலி இல்ல டீச்சர்."

நேராக நடந்து காட்டினாள். சட்டென்று திரும்பச் சொன்னதும் முழங்கால் நழுவியது; பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கலைவாணி அவளை உட்கார வைத்தார்.

"நைனாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர். அண்ணன் கைய ஒடச்சிக்கினு வந்தப்ப கோழி அடிச்சி கொழம்பு வெச்சாரு. எனக்கு அடிபட்டுச்சின்னா மாப்ள பாப்பாரு."

ஆடவிட்டால் கால் போகும். நிறுத்தினால் விடுதி போகும், வீட்டுக்குத் தெரிந்தால் ஆட்டமே போகும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது: ஒருவேளை ராஜாராம் சொல்வதுதான் சரியோ? செல்போனில் படித்த ஒரு தையல்காரி, ஒன்றுமில்லாத காலுக்காக ஒரு பெண்ணின் வாழ்க்கையில் கத்தரி வைக்கிறாளோ? ஒன்றரைக்கு மறுபடி அளந்தார். பதினைந்து. டேப்பை இழுத்துப் பிடித்துவிட்டோமோ என்று தளர்த்தி அளந்தார். பதினைந்தே கால். இரண்டேகாலுக்குப் பதினைந்தரை.

அப்போது ராஜாராம் ஆட்டக்காரர்கள் பட்டியலோடு வந்தார். மேலாளர் கையெழுத்து இல்லாமல் போட்டி நடத்துபவர்கள் அதை வாங்க மாட்டார்கள்.

"சார், ஒன்றரை இன்ச்சு வீங்கியிருக்குது."

"ஐஸ் வெச்சா வத்திடும். அவ இல்லன்னா தோத்துடுவோம் டீச்சர்."

"தோத்துடுவோம் சார்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை. விடுதிக்காரர்கள் அடுத்த வருடமும் வருவார்கள் என்று என்ன நிச்சயம் எனக் கேட்டார். நிச்சயமில்லை என்றார் கலைவாணி. பூங்குழலி அழ ஆரம்பித்தாள். ராஜாராம் திட்டிக்கொண்டே குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். திட்டு பாதியில் நின்றது. மேசை மேலிருந்த நீளமான மரஸ்கேலை எடுத்து வைத்து, கால் அசையாதபடி கட்டினார்.

"அவ நைனாவுக்கு யாரு பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

கலைவாணி பட்டியலில் பூங்குழலியின் பெயரை அடித்துவிட்டு, மாற்று ஆட்டக்காரி நிலாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு பூங்குழலியின் அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லி, அவளை ஆட்டோவில் ஏற்றி விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.