துப்பரவு

“…அப்ப என்ரை பிள்ளையின்ரை வயித்தையும் சேத்து இறையுங்கோவன் அண்ணை, அதுக்குள்ளையும் உந்தத் தண்ணிதானே கிடக்குது,” என்றார் அம்மா.

அந்த வயிறு என்னுடையது. எனக்கு அப்போது எட்டு வயது. வாணி விழாவுக்கென்று தைத்த ரோசாப்பூ நிறச் சட்டையோடு நின்ற நான், எல்லோரும் என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்து இரண்டு கையாலும் அதைப் பொத்திக்கொண்டேன். அம்மா சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சோறு இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்கிற குரல்தான். ஆனால் தன் தமையனுக்கு முன்னால் அவர் அப்படி வாய் திறந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை.

அம்மாவின் தமையன், என் மாமா, ஒரு திருத்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பாளர். களவெடுத்த பெடியள், வீட்டை விட்டு ஓடின பெடியள், ஆர் எவர் என்று கேட்க ஆளில்லாத பெடியள் எல்லோரையும் நீதிமன்றம் அங்கேதான் அனுப்பும். கொடிகாமம் தாண்டி, தென்னந்தோப்புக்குள் இருந்தது. சண்டை ஓய்ந்து பாதை திறந்திருந்த காலம் அது. அப்பா காணாமற்போன பிறகு நாங்கள் இணுவிலில் மாமா வீட்டுப் பின்னறையில் இருந்தோம். “பிள்ளை படிச்சாக் காணும், மிச்சத்தை நான் பாக்கிறன்” என்பார் மாமா. பார்க்கவும் செய்தார். என் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டிவிட்ட ஒரே ஆண்பிள்ளை அவர்தான். போன வருடம் அவர் தவறியபோது, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதித் தா என்று கேட்டார்கள். அந்தச் சப்பாத்துக் கதையை எழுதிக் கொடுத்தேன். வாசித்தவர்கள் கண் கலங்கினார்கள். எழுதியது ஒன்றும் பொய்யல்ல. கிணற்றைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து வளவில் இரண்டு கிணறுகள். முன்பக்கம் இருந்தது உவர்க் கிணறு, பின்பக்கம் நல்லதண்ணிக் கிணறு. புதிதாக ஒரு பெடியன் வந்து இறங்கினால் மாமா சிரித்தபடி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: “தம்பி எவடம்?” யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு ஊர்ப்பேர் மட்டும் போதாது. ஊரைச் சொன்னால் ஊருக்குள் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்பார்கள். அதற்குள் சாதி தானாக வந்து முற்றத்தில் நிற்கும். கேட்டவர் அந்தச் சொல்லை வாயால் எடுத்திருக்கவே மாட்டார். அதற்குப் பிறகு அந்தப் பெடியன் குசினிக்கும் பூசையறைக்கும் நல்லதண்ணிக் கிணற்றுக்கும் உரியவனா, தோட்டத்துக்கும் கக்கூசுக்கும் உவர்க் கிணற்றுக்கும் உரியவனா என்பது முடிவாகிவிடும். இது ஒரு இடத்திலும் எழுதியிருக்கவில்லை. மாமா இதற்கு வைத்திருந்த பேர் “துப்பரவு”. “எனக்கு ஆக்களிலை வித்தியாசமில்லை. துப்பரவுதான் வேணும்,” என்பார். நான் அதை அப்படியே நம்பினேன். உவர்க் கிணற்றுப் பெடியள் நகம் வெட்டாதவர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விழாவுக்கு வெளியிலிருந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். மாமா பேசத் தொடங்கினால் அவசரப்படுகிறவர் அல்ல. சரசுவதியின் வெள்ளைச் சேலைக்கு அவர் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் அவித்த கடலையை அள்ளிப் போட்டு விக்கல் எடுத்து, அம்மா முன்வரிசையில் இருந்ததால் அவரைக் கூப்பிட வெட்கப்பட்டு, பின்பக்கம் ஓடினேன்.

கிணற்றடியில் ஒரு பெரிய பெடியன் மடியில் பையோடு குந்தியிருந்தான். தலையைப் படிய வாரி இழுத்திருந்தான். சேட்டுக்குப் பொத்தான் கழுத்துவரை பூட்டியிருந்தது. இன்றைக்கு அவனை வீட்டுக்கு விடுகிறார்கள், தீவிலிருந்து தாய் வந்து கேற்றடியில் நிற்கிறாள், மாமா கையெழுத்து வைத்தால் அவளோடு போகலாம் என்பதெல்லாம் பிறகு அறிந்தது.

“அண்ணை, தண்ணி,” என்றேன்.

“நான் அள்ளக்கூடாது பிள்ளை. பொறுங்கோ, ஆரும் வருவினம்.”

ஒருவரும் வரவில்லை. விக்கல் மூச்சை அடைத்தது. கண்ணால் தண்ணீர் வந்தது. அவன் எழும்பி இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு வாளியை விட்டான். கப்பி கிரீச்சிடாமல் கயிற்றைத் தடவித் தடவி இழுத்ததைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது. கையை ஏந்தச் சொல்லி உயரத்திலிருந்து மெல்லிய கயிறுபோல ஊற்றினான். என்மேல் அவன் கை பட்டுவிடக்கூடாதென்று அப்படி ஊற்றுகிறான் என்று எனக்குத் தெரியாது. விளையாட்டுக் காட்டுகிறான் என்று நினைத்து இன்னும் உயரமாக ஊற்றச் சொன்னேன்.

அப்போதுதான் அவன் காலைக் கண்டேன். கெண்டைக்காலின் பின்பக்கம் வரிவரியாகத் தடித்திருந்தது. சில வரிகள் கறுத்துப்போயிருந்தன, சில இன்னும் சிவப்பு.

“உதென்ன?”

“கிணத்துக் கயிறு பட்டது.”

“பின்னாலையுமோ?”

அவன் சிரித்தான். “ஓம் பிள்ளை. பொல்லாத கயிறு.”

நானும் சிரித்தேன். கயிறு பொல்லாதது என்பது எனக்குப் பிடித்திருந்தது. மாமாவின் கந்தோர் அறையில், கதவுக்குப் பின்னால் சாத்திவைத்திருக்கும் பூவரசந்தடியை நான் எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். ஒருநாள் அதைக் குதிரையாக்கி ஓடி விளையாடியும் இருக்கிறேன். அந்தத் தடியையும் இந்தக் காலையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

பேச்சு முடிந்து மாமா பெரிய மனிதர்களைத் தோட்டம் காட்ட அழைத்துவந்தார். கிணற்றுக்கட்டில் ஈர வாளி இருந்தது. “ஆர் அள்ளினது?” என்று பொதுவாகக் கேட்டார். பெடியன் பையை எடுத்து மார்போடு பிடித்தான். கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் கை உயர்த்துவதுபோல உயர்த்திக்கொண்டு, “இந்த அண்ணைதான் மாமா, எனக்கு விக்கல் எடுத்தது, அள்ளித் தந்தவர்,” என்றேன்.

வந்தவர்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். “கேட்டியளே, அண்ணையாம்!”

மாமாவின் முகம் சிவந்தது. ஆனாலும் என்னிடம் குனிந்து அன்பாகத்தான் சொன்னார்: “அண்ணை இல்லைப் பிள்ளை. உவன் எண்டு சொல்லு, காணும்.” பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தார். “கிணத்தை இறைச்சுப்போட்டுப் போ. அடிமண் தெரியோணும். அதுக்குப் பிறகு கையெழுத்து வைக்கிறன்.”

அவன் தொட்டதால் பழுதான தண்ணீரை அவனே தொட்டு இறைக்கவேண்டும் என்பதில் அங்கு நின்ற படித்தவர்களில் ஒருவருக்கும் ஒரு பிழையும் தெரியவில்லை. “ஓமோம், துப்பரவு முக்கியம்,” என்றார் ஒருவர். பெடியன் பையைக் கட்டோரமாக வைத்துவிட்டு இறைக்கத் தொடங்கினான். வாழைப்பாத்திக்கு ஊற்றினான். நல்ல சேட்டு நனைந்து முதுகோடு ஒட்டியது. கேற்றின் கம்பிகளுக்கிடையில் ஒரு பெண் முகம் தெரிந்தது. நிழல் சாயச் சாய றோட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தீவுக்குக் கடைசி வள்ளம் இருட்டுக்கு முன்னம். துறைக்குப் போகிற அடுத்த பஸ்ஸை விட்டால் அதைப் பிடிக்க முடியாது. மாமா வார்த்தை மாறாதவர் என்று எல்லோருக்கும் தெரியும். அடி தெரியாமல் கையெழுத்து வராது.

அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தது அப்போதுதான். என்ன நடந்தது என்று கேட்டார். நானே பெருமையாகச் சொன்னேன், பொல்லாத கயிற்றையும் சேர்த்து. அம்மா அவன் காலைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகுதான் என் வயிற்றையும் சேர்த்து இறைக்கச் சொன்னது.

“உனக்கென்ன விசரே?” என்றார் மாமா, வந்தவர்களுக்குக் கேட்காத மாதிரி. “ஆக்கள் நிக்கினம். உள்ளுக்குப் போ.”

அம்மா கைப்பையை என்னிடம் தந்தார். அவர் உடுத்திருந்தது, கூறைக்கு அடுத்தபடியாக அவரிடம் இருந்த நல்ல சேலை. அதன் கரையை இழுத்து இடுப்பில் செருகினார். பெடியனின் கையிலிருந்து கயிற்றை வாங்கினார்.

“தம்பி, அம்மா நிக்கிறா. நீ போ. நான் இறைக்கிறன்.”

பெடியன் மாமாவைப் பார்த்தான். மாமா அம்மாவைப் பார்த்தார்.

“துப்பரவுதானே அண்ணை,” என்றார் அம்மா. “ஆர் செய்தாலென்ன?”

மாமாவின் வாயிலிருந்த சொல்லையே எடுத்து அவர் முன்னால் வைத்தாயிற்று. அத்தனை பேர் நடுவில் இல்லை என்று சொல்லவேண்டுமானால், சொல்லாமல் வைத்திருந்த அந்த மற்றச் சொல்லைச் சொல்லவேண்டும். மாமா ஒரு பெடியனைக் கூப்பிட்டுப் பேனை கொண்டுவரச் சொன்னார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பெரிய மனிதர்கள் பார்க்க, திருத்தப் பள்ளிப் பெடியளுக்குக் கொடுக்கும் தண்டனையை என் அம்மா செய்துகொண்டிருந்தார். சேலை சேறாகி, கொண்டை அவிழ்ந்து, மூச்சு வாங்கியது. “ஆர் உந்தப் பொம்பிளை?” என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. நான் கைப்பையோடு வாழைக்குப் பின்னால் போய், அவருக்கும் எனக்கும் ஒரு தொடர்பும் இல்லாதவள் போல நின்றேன். அடுத்த மாதம் மாமா வீட்டுப் பின்னறையைக் காலிசெய்து, கொடிகாமம் சந்தைக்குப் பின்னால் ஒரு அறைக்கு நாங்கள் போனபோதும், எல்லாம் அந்த விக்கலால் வந்தது என்றுதான் நினைத்தேன். விழாவன்று வீடு திரும்பும் பஸ்ஸில் அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்காமல் அடுத்த சீற்றில் போய் இருந்ததை நினைத்தால் இப்போதும் முகம் கொடுக்க முடியவில்லை.

கேற் திறக்கிற சத்தம் கேட்டது. பெடியன் பையோடு போனான். கேற்றைத் தாண்டியதும் தாய் அவனைத் தொடவில்லை. அவன் நனைந்த சேட்டின் நுனியைப் பிடித்து முறுக்கிப் பிழிந்துவிட்டாள். இருவரும் றோட்டை நோக்கி ஓடினார்கள்.

வந்தவர்கள் தேத்தண்ணீருக்குப் போய்விட்டார்கள். மாமாவும் போய்விட்டார். இனிப் பயமில்லை என்று நான் வாழைக்குப் பின்னாலிருந்து வந்து கிணற்றை எட்டிப் பார்த்தேன். ஊற்றுக் கிணறு அது. இறைத்த அளவுக்குத் தண்ணீர் ஏறி, முதல் நின்ற மட்டத்திலேயே நின்றது.

“மாமா போயிட்டார் அம்மா. ஒருதரும் பாக்கேல்லை. இனி ஏன் இறைக்கிறியள்?”

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கயிற்றைத் தளர்த்தி வாளியை மறுபடியும் இறக்கினார்.